சர்க்கரைத் தண்ணீருக்கும் வராத தேனீக்கள்

எங்கள் பழைய ஆபீசுக்கு இப்போது கேமரா வந்திருக்கிறது. பூவுக்கு எதிரே ஒரு கம்பத்தில் மாட்டிவிட்டால் போதும், எந்தப் பூச்சி வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எல்லாவற்றையும் அதுவே குறித்துக்கொள்கிறதாம். அதைத் தொடங்கி வைத்த அன்று ஓய்வுபெற்ற எங்களையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். புதிதாக வந்திருக்கும் பெண் அதிகாரி, நல்ல பிள்ளை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் கண்ணால் எப்படிப் பார்த்தீர்கள், அதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள், விழா மலரில் போடலாம், படிக்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் சந்தோஷமாக ஒன்றும் வரவில்லை. வந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

மலேசியாவில் எங்கள் கேமரன் மலையில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டுக் கடைசி மழை ஓய்ந்து, தைப்பூசத்துக்குக் காவடி கட்டுகிற நாட்களில் காலை வெயில் மலைக்குத் திரும்பும். அப்போது செண்டுப்பூவும் டேலியாவும் விரியும். மழையில் எங்கெங்கோ பதுங்கியிருந்த பூச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பங்குனித் திருவிழா வரைக்கும் அதுதான் எங்கள் வசந்தம். மற்றவர்களுக்கு அது காலை நேரத்தில் குளிர் காய்கிற பருவம். எனக்கு அதுதான் வேலைப் பருவம்.

தேயிலைக்கு வரும் நோய்களையும் பூச்சிகளையும் பார்ப்பதற்கென்று எங்கள் எஸ்டேட் சிறியதாக ஓர் ஆய்வுப் பிரிவு வைத்திருந்தது. எஸ்டேட் ஜனங்களுக்கு அது 'பூச்சி ஆபீஸ்'. நான் 'பூச்சி லெட்சுமி'. அப்பா தேயிலை பேக்டரியில் வேலை செய்தவர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு என்னை அங்கே உதவியாளராகச் சேர்த்துவிட்டார். முதல் சில வருடங்கள் கண்ணாடிக் குப்பி கழுவினேன், இலைகளை உறையில் போட்டேன், லென்சில் பார்த்துப் பார்த்துத் தலைவலி வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. தயாளன் சார் வந்த பிறகுதான் எனக்கு வேலை என்றால் என்ன என்று தெரிந்தது.

அவர் தெலுக் இந்தான் பக்கத்து மனிதர். உயரமானவர், மெல்லப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெல்லப் பேசுவார், அது நமக்கு இன்னும் பயமாக இருக்கும். வந்த முதல் பருவத்திலேயே என்னை எஸ்டேட் பங்களாவின் பூந்தோட்டத்துக்கு அழைத்துப் போய் ஒரு முக்காலியைக் கையில் கொடுத்தார். இனிமேல் தேயிலையை மட்டும் பார்த்தால் போதாது, பூவையும் பார்க்க வேண்டும் என்றார்.

காரணம் எளிதானது. மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டு, தேனீயைப் போல வேடம் கட்டிக்கொண்டு, அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஓர் ஈ உண்டு. எங்கள் பிள்ளைகள் அதை 'ஹெலிகாப்டர் ஈ' என்பார்கள். அது கொட்டாது, கடிக்காது. அதன் புழு தேயிலைக் கொழுந்தில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்றுவிடும். ஆனால் தாய் ஈக்குச் சாப்பாடு பூவில்தான் இருக்கிறது. தேயிலைக்குப் பக்கத்தில் மகரந்தம் உள்ள பூ இருந்தால் ஈ வரும், ஈ வந்தால் மருந்து அடிப்பது குறையும். சார் நம்பியது அவ்வளவுதான்.

பூச்சி பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் ஒரு கோயிலுக்கு விரதம் இருப்பதைவிடக் கண்டிப்பானவை. முகத்துக்குப் பவுடர் கூடாது. தலையில் மல்லிகை கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. சாம்பல் நிறச் சட்டைதான் போட வேண்டும். பனி காய்ந்த பிறகே உட்கார வேண்டும், ஈர இறக்கையோடு எந்தப் பூச்சியும் பறக்காது. நம் நிழல் நமக்குப் பின்னால் விழ வேண்டும், பூவின் மேல் விழக் கூடாது. பூச்சி இதழில் வந்து உட்கார்ந்தால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது இளைப்பாறுகிறது. வாயோ காலோ பூவின் நடுவைத் தொட்டால்தான் வருகை. பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது, நிறத்தையும் அளவையும் எழுதினால் போதும்.

எல்லாவற்றையும் விட அவர் அழுத்திச் சொன்னது ஒன்று. ஒன்றும் வராத நேரத்துக்குக் கணக்குத் தாளில் கட்டத்தை வெற்றாக விடக் கூடாது, சைபர் போட வேண்டும். "வெத்தா விட்டா நீங்க அங்க இல்லன்னு அர்த்தம் லெட்சுமி. சைபர் போட்டா நீங்க இருந்தீங்க, அதுதான் வரலன்னு அர்த்தம்" என்பார். நான் எழுதிய மறுநாள் எனக்குச் சொல்லாமல் அதே இடத்தில் அதே நேரத்தில் அவரும் உட்கார்ந்து பார்ப்பாராம். என் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க. பல வருடம் கழித்துத்தான் எனக்கு இது தெரிந்தது. கோபம் வரவில்லை, பெருமையாகவே இருந்தது.

அந்த ஆரம்பப் பருவங்களில் எந்தப் பூவுக்கு எது வரும் என்று எனக்கு மனப்பாடம். சுற்றுலாக்காரர்கள் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கும் அந்தப் பெரிய நீல உருண்டைப் பூக்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஒரு பூச்சியும் போகாது. அழகு மட்டும்தான், உள்ளே ஒன்றும் இல்லை. ரோஜாவிலும் அடுக்கு ரோஜா வீண். ஆனால் பங்களாச் சமையல்காரர் பிடுங்காமல் விட்டு முற்றிப்போன கொத்தமல்லி பூத்தால், வெயில் ஏறியதும் அதன் மேல் ஹெலிகாப்டர் ஈக்கள் மொய்க்கும். கடுகுப்பூவுக்குத் தேனீ வரும். ஊதா சால்வியாவுக்குப் பெரிய கருவண்டு வந்து, கனம் தாங்காமல் காம்பு வளைந்து தரையைத் தொடும். நான் எழுதி முடிப்பதற்குள் கை வலித்துவிடும்.

அந்தத் தோட்டத்தைப் பராமரித்தவள் சரோஜா. என்னைவிடச் சில வயது இளையவள், 'அக்கா, அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். வாய்த்துடுக்கு அதிகம். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் சம்பளமா, எனக்கும் ஒரு முக்காலி வாங்கிக் கொடு என்று கேலி செய்வாள். கொத்தமல்லியைப் பிடுங்காதே என்று சார் சொன்ன பிறகு, வாடிய பூவைக்கூட என்னைக் கேட்காமல் கிள்ள மாட்டாள்.

அவள் கணவன் மாரி, எஸ்டேட் லோரியில் மூட்டை ஏற்றியவர். இனிப்பு நீர் நோய் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவர்கள் வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் யாரும் குருடர் என்று சொல்ல மாட்டார்கள். கோல் வைத்துக்கொள்ள மாட்டார். அடுப்பைப் பற்றவைத்து, தேத்தண்ணி கலக்கி, எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து கையில் கொடுப்பார். பின்கதவு வழியாகக் குழாயடிக்குத் தனியாகப் போய்க் குளித்துவிட்டு வருவார். அவர் பிறந்ததே அந்த வீட்டில்தான்.

எஸ்டேட்டில் வீடு என்பது வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கிற வரைக்கும்தான். பெயர் போனால் வீடு போகும். கொழுந்தெடுக்க இப்போது மெஷின் வந்துவிட்டது, வெளிநாட்டுப் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சரோஜாவுக்குத் தோள்பட்டை போய்விட்டது, அதைத் தூக்க முடியாது. அவள் பெயர் பெரட்டில் இருந்தது பங்களாத் தோட்டத்தின் பேரில் மட்டும்தான்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் புதிய மேனேஜர் வந்தார். ஈப்போ பக்கத்து நம்ம ஆள்தான், மரியாதையானவர், யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடமாக மாற்றப் போகிறோம், தோட்டம் இருக்கும் இடம் கார் நிறுத்தத் தேவைப்படுகிறது என்று சொன்னார். தயாளன் சார் ஆபீசுக்குப் போய்ப் பேசினார். தேயிலைக்கு அந்தத் தோட்டம் பயன்படுகிறது என்று காட்டினால் விட்டுவிடுகிறேன், ஒரு பருவம் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார். சார் முகம் மலர்ந்து திரும்பி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். நம் பூச்சிகள் நம்மைக் கைவிடாது என்று நானும் சரோஜாவிடம் போய்ச் சொன்னேன்.

பூச்சி குறைந்துகொண்டு வருவது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பள்ளத்துக்கு அப்பால் காட்டை வெட்டிக் காய்கறி போட்டு, மலை முழுக்கப் பிளாஸ்டிக் கூரை ஏறிவிட்டது. காலையில் அந்தப் பக்கமிருந்து மருந்து வாடை வரும். எங்கள் எஸ்டேட்டும் சும்மா இல்லை, தண்ணீர் வடியும் கான் ஓரத்துக் களைப்பூவையெல்லாம் மருந்தடித்துக் கருக்கியது. முந்தின வருடம் என் கணக்கில் பாதிக் கட்டம் சைபர். ஆனாலும் மீதிப் பாதி இருந்ததே என்ற தைரியத்தில் உட்கார்ந்தோம்.

அந்த வருடம் மழை சீக்கிரமே விட்டது. தோட்டம் அப்படிப் பூத்து நான் பார்த்ததில்லை. சரோஜா வெறிபிடித்தவள்போல உழைத்திருந்தாள். கொத்தமல்லி இரண்டு பாத்தி, கடுகு ஒரு பாத்தி, செண்டுப்பூ வரப்பு நெடுக, எல்லாம் எங்கள் பூச்சிகளுக்காகவே போட்டது. பனி காய்ந்தது, முக்காலியில் உட்கார்ந்தேன், நிழலைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. சைபர் போட்டேன். மறுநாளும் சைபர். அடுத்த வாரம் சார் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார், அவர் கட்டங்களிலும் சைபர்தான். பூ அப்படியே விரிந்து, மகரந்தம் அப்படியே இருந்து, தொடுவார் இல்லாமல் காம்பிலேயே காய்ந்தது. பூச்சி இல்லாத பூந்தோட்டத்தில் ஒரு சத்தமும் இருக்காது. உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

தைப்பூசம் போய் மாசி பிறந்தது. ஒருநாள் சரோஜா மண்வெட்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள். என் கையில் இருந்த தாளையே பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும்.

"அக்கா, ஒண்ணு ரெண்டு போட்டா என்ன லா? யாரு வந்து பாக்கப் போறா? அவருக்கு அந்த வீட்டுலதான் நடக்கத் தெரியும். வேற எடத்துல கொண்டுபோய்ப் போட்டா அவரு கல்லு மாதிரி ஒக்காந்துடுவாருக்கா."

 முடியாது என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போனாள். அன்றைக்கும் நான் சைபர்தான் போட்டேன். வந்ததாக எழுதினால் இந்த மலை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடும், நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் அப்புறம் யார் எதை நிறுத்துவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சரியாக இருந்து யாருக்கு என்ன லாபம் என்றுதான் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தோட்டத்துக்குள் நுழைந்தால் செண்டுப்பூ வரப்பு முழுக்க உயிர் அசைகிறது.  ஓடிப் போய்க் குனிந்தேன். எறும்பு. சிவப்பும் கறுப்புமாக எறும்பு, காம்பிலும் இலையிலும் இதழிலும் சாரை சாரையாக. இடையிடையே குப்பைமேட்டு ஈக்கள். சரோஜா பங்களாச் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பூவாளி.

சார் எனக்குப் பின்னாலேயே வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஓர் இதழைக் கிள்ளி நாக்கில் வைத்தார். சர்க்கரை. இனிப்பு நீர் வந்த மனிதர் இருக்கும் வீட்டில், சர்க்கரை டின்னே இல்லாத வீட்டில், எங்கேயோ கேட்டு வாங்கிக் கரைத்து, விடியுமுன் பூவுக்குப் பூவாகத் தெளித்திருக்கிறாள். இனிப்பு வைத்தால் தேனீ வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

சார் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சரோஜாவிடம் போய்ப் பூவாளியை வாங்கினார். குழாயில் பச்சைத் தண்ணீர் பிடித்து வந்து ஒவ்வொரு செடியாகக் கழுவ ஆரம்பித்தார். விருந்துக்கு வந்த எறும்புகள் தண்ணீரோடு ஓடின. சரோஜா பக்கத்திலேயே நின்று அழுதாள். கழுவி முடிக்க நெடுநேரம் ஆனது. முடித்துவிட்டு, பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, யாரைப் பார்த்தும் இல்லாமல் அவர் சொன்னார்.

"சக்கரைக்குக்கூட ஒரு தேனீ வரல லெட்சுமி."

அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. எறும்புக்கும் குப்பைமேட்டு ஈக்கும் தெரிந்துவிட்டது. பசியோடு ஒரு தேனீ எங்கேயாவது இருந்திருந்தால் வந்திருக்கும். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகும் நான் வேலை பார்த்தேன், ஆனால் பூச்சி வரும் என்று நம்பிப் பார்க்கவில்லை.

அன்றைய கணக்கைச் சார் சேர்க்கவில்லை. தெளித்த விஷயத்தையும் யாரிடமும் சொல்லவில்லை. பருவம் முடிந்ததும் அறிக்கை எழுதினார். பூச்சி இல்லை, ஆகவே ஆபத்து என்று எழுதினார். கான் ஓரத்துக் களைப்பூவை விட்டுவைக்க வேண்டும், தோட்டத்தை ஒட்டிய தேயிலையில் சில பருவம் மருந்து நிறுத்த வேண்டும், தோட்டத்தை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் படித்துப் பார்த்தேன். படிக்கிறவனுக்குக் கண் கலங்கும்படி இருந்தது. இந்த அறிக்கை நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நானும் நினைத்தேன்.

மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். கட்டங்கள் உள்ள பக்கத்தைத் திருப்பினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"தயாளன் சார், இவ்வளவு நாள் பாத்திருக்கீங்க, ஒண்ணுமே வரலையே. அப்ப அந்தத் தோட்டத்தால தேயிலைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லன்னுதானே ஆகுது?"

சாருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அவர் மெல்லச் சொல்ல ஆரம்பித்தார், இது தோட்டத்தின் குறை இல்லை, மலைக்கே வந்த கேடு, அதைத்தான் இந்தத் தோட்டம் காட்டுகிறது என்று. மேனேஜர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "மலைய நான் என்ன சார் செய்ய முடியும்? என் கையில இருக்கறது தோட்டம்தான்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னார். அதனால்தான் எங்களால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் சார் சரிவுப் பாதையில் நின்றுவிட்டார். "சைபருக்குப் பதிலா வெத்தா விட்டிருக்கலாம் லெட்சுமி. கணக்கு முடியலன்னு இன்னொரு பருவம் கேட்டிருக்கலாம்" என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. எனக்கு அது சரோஜா அழுததைவிட மோசமாக இருந்தது. அதற்கப்புறம் அவர் தோட்டத்துப் பக்கம் முக்காலியோடு வரவில்லை. வருடம் முடியுமுன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போன் செய்தால் உடம்பைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார், பூச்சியைப் பற்றிப் பேச மாட்டார்.

மண்வாரி வந்து தோட்டத்தை எடுக்க அரை நாள்கூட ஆகவில்லை. பெரட்டில் சரோஜாவின் பெயரை வாசிப்பது நின்றது. வீட்டை விடுவதற்குத் தவணை கொடுத்தார்கள், சாமான் ஏற்ற எஸ்டேட் லோரியையே கொடுத்தார்கள். மாரியை இரண்டு பேர் பிடித்து முன்சீட்டில் ஏற்றினார்கள். கம்போங் ராஜாவில் ஒரு கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்தார்கள்.

அவர்களைப் போய்ப் பார்க்க எனக்கு வெகுநாள் துணிவு வரவில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் ஒருநாள் போனேன். மாரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் சிரித்தார், தேத்தண்ணி கொடுக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரியும், போய்ச் சேருவதற்குள் திசை மாறிவிடுகிறது என்றார். கீழே இறங்கி எவ்வளவு காலம் ஆகிறது என்று நான் கேட்கவில்லை. சரோஜா வேலையில் இருப்பதாகச் சொல்லி இடத்தையும் சொன்னார்.

கோலா தெர்லா போகிற ரோட்டில் பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு காய்கறித் தோட்டம். உள்ளே சுக்கினி போட்டிருந்தார்கள், வெள்ளரி மாதிரி இருக்கும் பூசணி இனம். வரிசைக்கு நடுவே சரோஜா குனிந்து நின்றாள். ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, அதன் மகரந்தத் தண்டைப் பெண்பூவுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அடுத்த பூ. அதற்கடுத்த பூ. வாய் நடுவைத் தொட்டால்தான் வருகை என்று சார் சொன்னாரே, அதே மாதிரி ஒவ்வொரு பூவிலும் சரியாக நடுவைத் தொட்டாள். வெளியிலிருந்து ஒரு தேனீயும் வருவதில்லை, காலையில் இப்படிச் செய்தால்தான் காய் பிடிக்கும், பூ மூடுவதற்குள் எல்லா வரிசையும் முடிக்க வேண்டும் என்று நிமிராமலேயே சொன்னாள். மகரந்தம் பட்டு விரலெல்லாம் மஞ்சள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். எதற்கென்று சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. வரிசை முடிகிற வரைக்கும் கூடவே நடந்தேன். கடைசிச் செடியில் அவளே நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரே ஒண்ணு வந்திருந்தாலும் எழுதியிருப்பீங்கதானேக்கா?"

"எழுதியிருப்பேன் சரோஜா."

"ம்" என்றாள். அடுத்த வரிசைக்குப் போய்க் குனிந்தாள். பூக்கள் மூட ஆரம்பித்திருந்தன.